கல்லிலிருந்தே வரும் கரியமில வாயு

ஆலைகள் வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்து, நிலத்தடியில் செலுத்தக் குழாய் வழியாகக் கொண்டுசெல்வது பற்றிய விவாதம் இது. “தொழிற்சாலைகள் சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட்டால் கரியமில வாயுவுக்குக் குழாய் போடும் தேவையே இருக்காது” என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது, அனல் மின் நிலையங்களுக்குப் பொருந்தலாம். சிமென்ட், சுண்ணாம்பு ஆலைகளுக்குப் பொருந்தாது. சிமென்ட் ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எரிபொருளிலிருந்து வருவதில்லை. சூளையில் சுண்ணாம்புக்கல் சிதையும்போது கல்லிலிருந்தே பிரிந்து வருகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ வாயுவும் கிடைக்கும் என்பது பள்ளி வேதியியல் கணக்கு. சூளையை எந்த மின்சாரத்தால் சூடாக்கினாலும் அந்த 44 குறையாது.

பிடித்த வாயுவை எங்கேனும் கொண்டுசேர்த்தாக வேண்டும். நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில், ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் வகையில் அமைத்த நிலையம் 2025-இல் திறக்கப்பட்டது. அங்கே பிடிக்கும் வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் மேற்குக் கரைக்கு அனுப்பி, அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாய் வழியாகக் கொண்டுசென்று, கடற்படுகைக்குக் கீழே ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்திலுள்ள பாறை அடுக்கில் செலுத்துகிறார்கள். பிரெவிக் நீர்க்கரையில் இருப்பதால் கப்பல் வாய்த்தது. கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள பெரிய ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை; அங்கே குழாய் தேவைப்படும்.

குழாய்கள் ஆபத்தற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கனமழைக்குப் பின் மண் சரிந்து இத்தகைய குழாய் ஒன்று உடைந்ததில், 45 பேர் மருத்துவமனை செல்ல நேர்ந்தது. ஆனால் அது குழாயை எங்கே, எப்படிப் பதிப்பது என்ற கேள்வி. நண்பர் எழுப்பியது வேறு கேள்வி.