பழைய குடுவையில் இருக்கும் மருந்து செத்துப்போகவில்லை

பழம்பொருள் சேகரிப்போரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'பித்தளை வெடிமருந்துக் குடுவைக்குள் (அந்தக் காலத்தில் துப்பாக்கிக்கான மருந்தை எடுத்துச் சென்ற குடுவை) மிச்சம் இருக்கும் கருமருந்து நூறு வருஷத்தில் வீரியம் இழந்துவிடும், பயப்படாமல் சூடுகாட்டிக் குடுவையைப் பிரிக்கலாம்.'

இது தவறு. கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. உலர்ந்தே இருந்தால் வயசு அதை ஒன்றும் செய்யாது. 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்நாட்டுப் போர்க்கால பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்த சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். குண்டுக்கு வயது 140-க்கு மேல். 2013-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் பழைய பீரங்கிக்குள்ளும் மருந்து அப்படியே இருந்தது. இரண்டுமே அப்போதைய நாளிதழ்களில் வந்தவை, தேடிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டிக்ஸன் பட்டறை செய்தது போன்ற குடுவைகள் இரண்டு பாதிகளைச் சாலிடர் வைத்து ஒட்டியவை. சூடு காட்டினால் ஒட்டு விடும், உள்ளே தூள் இருந்தால் அது தீப்பிடிக்கும். ஸ்பிரிங் மூடிக்குப் பின்னாலும் தூள் தங்கியிருக்கும். தீ, சாலிடரிங், துளையிடுதல் எதுவும் வேண்டாம். உள்ளே மருந்து இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நோண்டாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள்.



அந்தச் செய்தி வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.