மூன்றாவது வாரத்தோடு நின்றுபோன பொருளியல்

நுண்பொருளியல் அறிமுகப் பாடம் ஒன்றை ஆன்லைனில் எடுக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். தாராளமாக எடுங்கள். ஆனால் பாதியில் விடுவதாக இருந்தால் தொடங்காமலே இருந்துவிடுங்கள், ஊருக்குப் புண்ணியமாகப் போகும்.

கொஞ்சம் ஓவராகத்தான் தெரியும். காரணம் சொல்கிறேன். இந்தப் பாடத்தை எந்த நாட்டில் யார் நடத்தினாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் தேவைக் கோடு, அளிப்புக் கோடு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை. அப்புறம் நெகிழ்ச்சி, நுகர்வோர் உபரி. பிறகு அரசாங்கம் நடுவில் கையை விட்டால் என்ன ஆகும் என்று ஒரு வாரம்: வாடகைக்கு உச்சவரம்பு வைத்தால் வீடு கிடைக்காது, குறைந்தபட்சக் கூலி வைத்தால் வேலை போகும். சந்தை எங்கெல்லாம் கோட்டை விடும் என்கிற பகுதிக்கு வருவதற்குள் பாடம் முடியப்போகிற நேரமாகிவிடும். ஆன்லைன் பாடங்களில் சேர்கிறவர்களில் பெரும்பாலானோர் அதுவரை தாக்குப்பிடிப்பதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. ஆக, முக்கோணம் வரையக் கற்றுக்கொண்ட கையோடு கிளம்பி வந்து, மகளிர் கட்டணமில்லாப் பேருந்து, ரேஷன் அரிசி, நூறு நாள் வேலை என எந்தப் பதிவைப் பார்த்தாலும் கீழே ‘டெட்வெயிட் லாஸ்’ (அரசு தலையிட்டதால் யாருக்கும் சேராமல் வீணாகும் நன்மை, படத்தில் அதுதான் அந்த முக்கோணம்) என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

வேலூர்ப் பக்கத்து ஆட்கள் இப்படிப் பாதியில் விடுவதுதான் எனக்கு இன்னும் வருத்தம். அவர்கள் பார்க்காமல் விட்ட கடைசி வாரங்கள் முழுக்க நம்ம ஊர்க் கதை.

பொய்கை மாட்டுச் சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை போனால் வாங்க நிறையப் பேர், விற்க நிறையப் பேர். மேலோட்டமாகப் பார்த்தால் நிறைவுப் போட்டி என்று பாடம் சொல்வது இதைத்தான் போலிருக்கிறதே என்று தோன்றும். கிட்டே போய்ப் பாருங்கள். தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விற்பவர் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்துவார். அவர் தலையாட்டுவார், இவர் இன்னொரு விரலைச் சேர்ப்பார். பக்கத்திலேயே நிற்கிற உங்களுக்கு மாடு என்ன விலைக்குப் போனது என்று தெரியாது. நிறைவுப் போட்டிக்கு அடிப்படையான, எல்லோருக்கும் விலை தெரியும் என்கிற அனுமானம் அங்கேயே காலி.

விலையை விடுங்கள், சரக்கு எப்படி என்பதும் தெரியாது. காலையில் எட்டு லிட்டர், சாயங்காலம் ஆறு என்பார் விற்பவர். முந்தின நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் கொண்டுவந்திருக்கிறாரா என்பது அவருக்கும் மாட்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். “இன்னாண்ணே, சந்தேகம்னா கறந்துதான் பாரேன்” என்பார். வாங்குபவரும் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலு காம்பிலும் பீய்ச்சிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்படியும் மனசு ஆறாமல், ரெண்டுங்கெட்டான் மாட்டுக்கு என்ன கொடுக்கலாமோ அதைத்தான் கேட்பார்.

1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்களை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க முடியாதவன் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவன் விற்க வரமாட்டான். நல்லது விலக விலக, சந்தையில் மீதி நிற்பதன் தரம் இறங்கிக்கொண்டே போகும். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் இருக்கும் எங்கள் மாமா நல்ல கறவை மாட்டை ஒருநாளும் சந்தைக்கு ஓட்டியதில்லை. நல்ல மாடு என்றால் பக்கத்துத் தெருவிலேயே, பாலை நாலு வருஷமாகப் பார்த்த ஆளிடமே கைமாறிவிடும். அதே அணைக்கட்டுப் பக்கம் விளைகிற இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதே கணக்கில் சேர்த்திதான். கோயம்பேட்டில் குவித்துப்போட்ட கத்தரிக்காயில் எது இலவம்பாடி என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? முத்திரை இருந்தால்தானே நல்ல காய்க்கு நல்ல விலை கேட்க முடியும்.

சரி, பாலாற்றுக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைத் தோல் தொழில் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. ஒரு ஜோடி ஷூவின் விலையில் தோல், கூலி, கரண்டு, கப்பல் செலவு எல்லாம் அடங்கியிருக்கும். தோல் கழிவுநீர் பாலாற்றிலும் நிலத்தடியிலும் இறங்கி, கிணறு கெட்டுத் தென்னை பட்டுப்போன விவசாயியின் நஷ்டம் மட்டும் அந்த விலையில் இருக்காது. புறவிளைவு என்று பாடத்தில் வருவது இதுதான். அந்த நஷ்டத்துக்குச் சமமாக வரி போட்டு விலைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920-லேயே வழி சொன்னார்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் வேலூர் என்ற பெயரைத் தெரிந்துவைத்திருப்பதே இந்த வழக்கால்தான். ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்றும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. கூடவே வட ஆற்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம்.

முதல் பாதியில் படித்தது கைகொடுப்பது இந்த இடத்தில்தான். தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வாங்கும் அபராதம் நிலையான செலவு. நாளைக்கு இன்னும் நூறு தோலை ஊறப்போடலாமா என்று முதலாளி யோசிக்கும்போது அந்தப் பத்தாயிரம் கணக்கிலேயே வராது. அது கட்டி முடித்த காசு. பெரிய ஆலைக்கும் அதே தொகை, தகரக் கொட்டகைக்கும் அதே தொகை. கழிவுநீர் லிட்டருக்கு இவ்வளவு என்று வைத்தால்தான் அடுத்த தோலை ஊறப்போடும்போது கை தயங்கும். இறுதிநிலைச் செலவு என்று நான்காவது வாரத்தில் கொட்டாவியோடு கேட்கிற விஷயம் இவ்வளவுதான். நீதிமன்றத்துக்கு இது தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்கிற செலவு, இவற்றைக் கணக்கிட்டு வசூலிக்க ஓர் ஆணையம் என்று அதே தீர்ப்பு தனியாக உத்தரவிட்டது. பிகூவுக்குப் பக்கத்தில் வருவது அந்தப் பகுதிதான். ஆனால் 2025 ஜனவரியில் இழப்பீட்டுக்கும் ஆற்றைச் சுத்தப்படுத்தவும் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. பாடத்தில் ‘வரி விதித்தால்’ என்று எழுதிய மறுநொடியே கோடு நகர்ந்துவிடுகிறது, நிஜத்தில் அப்படி நகர்வதில்லை.

பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் சொன்னதுபோல இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று எப்படியும் ஒருவர் வருவார். 1960-இல் கோஸ் எழுதியது, உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசுகிற செலவும் இல்லையென்றால் என்கிற நிபந்தனையோடு. நிலத்தடி நீருக்கு வேலியா இருக்கிறது? எந்த ஆலைக் கழிவு எந்தக் கிணற்றில் இறங்கியது என்று யார் சொல்வது? பேரத்துக்கு ஆகும் செலவைத்தான் கோஸ் அழுத்திச் சொன்னார். பாதியில் போனவர்கள் அவரிடமும் பாதியைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இன்னொன்று, மாசு பூஜ்யமாக வேண்டும் என்று பாடம் சொல்வதில்லை. ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு நிற்கிற பெண்கள் வீட்டு அடுப்பும் இந்தத் தோலில்தான் எரிகிறது. கொஞ்சம் மாசு இருக்கும், அதற்கு விலையும் கட்ட வேண்டும் என்று, ஆற்றுக்காரரோ ஆலைக்காரரோ, இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத பதில்தான் கடைசியில் வரும்.

கூலி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992-இல் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் மாறவில்லை. இரு பக்கத்துத் துரித உணவுக் கடைகளையும் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ஒப்பிட்டு 1994-இல் எழுதினார்கள். கூலி உயர்ந்த பக்கம் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கும் இதில் சண்டை ஓயவில்லை என்பது உண்மை. கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. மூன்றாவது வாரத்தில் கிளம்பியவருக்கு இப்படி ஒரு சண்டை நடப்பதே தெரியாது.

எங்கே படிப்பது என்று கேட்பவர்களுக்கு: மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களில் சேர்வதும் பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம் கட்டி மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். எம்.ஐ.டி.யில் ஜோனதன் க்ரூபர் நடத்திய வகுப்புகளும் முழுசாக இலவசமாகக் கிடைக்கின்றன. மனிதர் படு வேகமாகப் பேசுவார், பழகிவிடும். ஆங்கிலம் தடுக்கினால் நம் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தைத் தமிழில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளைகோட்டை ஆங்கிலத்தில் பார்த்துவிட்டுத் தமிழில் ஒருமுறை படித்தால் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அறிமுகப் பாடத்துக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். க்ரூபரிடம் போனால் மட்டும் கொஞ்சம் கால்குலஸ் எட்டிப்பார்க்கும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பொருளியல் ஆய்வாளர்களுக்கு வட ஆற்காடு புதிய இடம் இல்லை. பசுமைப் புரட்சி என்ன செய்தது என்று பார்க்க 1970-களில் கேம்பிரிட்ஜ் ஆட்கள் நம் கிராமங்களில் கணக்கெடுத்துவிட்டுப் போனார்கள், 1980-களில் அடுத்த சுற்று நடந்தது. உலக நூலகங்களில் ‘நார்த் ஆர்காட்’ என்று தேடினால் நெல்லும் கூலியும் கடனும்தான் வந்து விழும். நம் பிள்ளைகளோ தேவைக் கோட்டைப் பீட்சாவை வைத்துப் படிக்கிறார்கள். இங்குள்ள கல்லூரி ஆசிரியர்கள் யாராவது தமிழில் ஒரு பாடம் போடலாம். முதல் கேள்வியை நானே எழுதித் தருகிறேன்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் கொல்கத்தாவிலிருந்து வரும் குடும்பம் சமைக்கிற வசதியோடு ரூம் எடுக்கிறது. எத்தனை நாள் தங்க வேண்டிவரும் என்று அவர்களுக்கே தெரியாது. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு. நாளைக்கே ரூம் வாடகைக்கு உச்சவரம்பு என்று உத்தரவு வந்தால் முதலில் குறைவது ரூம்களின் எண்ணிக்கையா, குழாயில் வரும் தண்ணீரா, அல்லது அடுப்பு வாடகை இரண்டு மடங்காகுமா? காரணத்தோடு எழுதுக.