மேட்ச் எதில் வருகிறது?

"மேட்ச் எதுலப்பா வருது?" அப்பா வாரத்துக்கு இரண்டு தடவையாவது போன் பண்ணிக் கேட்பார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. வானொலியில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு வளர்ந்தவர்.

2025-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து டெஸ்ட் தொடர் டிவியில் சோனியில் வந்தது, மொபைலில் ஜியோஹாட்ஸ்டாரில் வந்தது. செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்கு சோனி லிவ். அடுத்து மகளிர் உலகக் கோப்பைக்குத் திரும்பவும் ஜியோஹாட்ஸ்டார். விளையாடுவது அதே இந்தியா. பார்ப்பவர்தான் ஆப் மாற்றி ஆப் அலைய வேண்டும். எது நல்ல ஆப் என்று கேட்டால், அப்பாவால் தனியாகத் திறந்து பார்க்க முடிகிற ஆப்தான் நல்ல ஆப் என்பேன்.

அந்தக் கணக்கில் என் மனதில் முதலிடம் 2022 கால்பந்து உலகக் கோப்பைக்குத்தான். ஜியோசினிமாவில் இலவசம், தமிழ் வர்ணனையும் உண்டு. அதுவரை கால்பந்தே பார்க்காத அப்பா, அர்ஜென்டினா–பிரான்ஸ் இறுதிப் போட்டியின் பெனால்டி வரை எழுந்திருக்கவில்லை. மொழி எவ்வளவு பெரிய கதவு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஃபார்முலா 1 கார் பந்தயம் பார்க்க ஃபேன்கோட் ஆப்பில் ஒரு பந்தயத்துக்கு மட்டும் பணம் கட்டும் வசதி வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு மட்டும் காசு என்ற அந்த முறை எனக்குப் பிடித்தது. கிரிக்கெட்டிலும் அது வரவேண்டும்.

படம் எவ்வளவு துல்லியம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். தாமதம்தான் கொல்கிறது. ஒரு மேட்ச், கடைசி ஓவர், நான்கு ரன் வேண்டும். என் போனில் பவுலர் இன்னும் ஓடிவரவே ஆரம்பிக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேபிள் டிவி. "போச்சு!" என்று அந்த வீட்டு அண்ணன் கத்தியது சுவர் தாண்டிக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு என் திரையில் நடந்ததை நான் பார்த்தேன், அவ்வளவுதான். இணையத்தில் வீடியோ சில நொடித் துண்டுகளாக வரும். ஆப் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டும், அந்த இடைவெளி பெரும்பாலும் அங்கேதான் உண்டாகிறது. கட்டணம் வாங்குகிறவர்கள் முதலில் இதைக் குறைக்கட்டும். நாலு கேமரா கோணம் அப்புறம் வரட்டும்.

செஸ் பார்க்கிறவர்களுக்கு ஆப் தேடும் தொல்லையும் இல்லை, கட்டணமும் இல்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்காக நம்ம குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆடிய 14-ஆவது ஆட்டத்தை யூடியூபில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்ததும் வர்ணனையாளர்கள் பதறினார்கள். ஜெயித்த பிறகு பதினெட்டு வயது குகேஷ் அழுதுகொண்டே காய்களைத் திரும்ப அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தான். ஒரு பைசா செலவில்லாமல் அதைப் பார்த்தேன். உலகப் பட்டப் போட்டியையே இப்படித் திறந்து வைக்க முடிகிறது என்றால், மற்றவர்களால் கொஞ்சமாவது முடியாதா?

நம் நாட்டில் 2007-லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் ஒளிபரப்பை, விளம்பரம் நீக்கி, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் தூர்தர்ஷனின் மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் முக்கியமான மேட்ச்கள் இலவசமாக வருகின்றன. ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்டது டிவிக்காக. இன்றைக்குப் பாதி ஊர் மேட்ச் பார்ப்பது கையிலிருக்கும் போனில். இந்தியா ஆடும் உலகக் கோப்பை ஆட்டங்களும் ஒலிம்பிக்கும் போனிலும் இலவசமாக, தமிழ் வர்ணனையோடு கிடைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும். மற்றதற்குக் காசு கேளுங்கள், கொடுக்கிறோம். அதோடு, அட்டவணை வெளியிடும்போது தேதி, மைதானம், நேரத்துக்குப் பக்கத்திலேயே எந்த ஆப், எந்த மொழி என்றும் ஒரு வரி போடுங்கள். அப்பா அதைப் படித்துக்கொள்வார்.