நடராசர் சிலையும் பெருவெடிப்பும்: எதை விஞ்ஞானம் என்பது?

சிவராத்திரி நெருங்கினால் எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். ஜெனீவாவுக்கு அருகே, சேர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுகூட வளாகத்தில் நிற்கிற நடராசர் சிலை. பிரபஞ்சத்தின் தோற்றத்தைச் சைவம் முன்பே சொல்லிவிட்டது, இப்போது விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டுவிட்டது என்று கீழே எழுதியிருப்பார்கள். கிறிஸ்தவ நண்பர்கள் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைக் காட்டி அதையே சொல்வார்கள். அந்தச் சிலை 2004இல் இந்தியா கொடுத்த அன்பளிப்பு. அழகான சிலை. ஆனால் அது அங்கே நிற்பதால் எதுவும் நிரூபணமாகிவிடாது.

நான் சிவராத்திரிக்குக் கண் விழிக்கிறவன். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கற்பிக்கிறேன். இரண்டின் மேலும் மரியாதை வைத்திருக்கிறவனுக்கு இந்தக் கலவை உறுத்தத்தான் செய்யும்.

இப்படி உறுத்தல் பட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பிரபஞ்சம் ஒடுங்கிக் கொதித்த நிலையிலிருந்து விரிந்தது என்கிற பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு விதை போட்டவரேதான். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். அது ஒரு காலத்தில் ஒற்றை அணுப் போல ஒடுங்கியிருந்திருக்க வேண்டும் என்று 1931இல் சொன்னார். 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் ஓர் உரையில் இந்த ஆய்வுகளைப் படைப்புக்குச் சாட்சியாகக் காட்டினார். மகிழ்ந்திருக்க வேண்டிய லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மத விவகாரங்களுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஒரு பாதிரியாருக்கு இருந்த அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

சரி, அப்படியானால் எதை விஞ்ஞானக் கோட்பாடு என்பது? என் பதில் இதுதான்: இன்னும் பார்க்காத ஒன்றைப் பற்றி, பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் தோற்றேன் என்று ஏற்க வேண்டும். கூடை நிறைந்திருக்கிறது என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தில் கிலோ எழுத முடியாது, கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் ஏறியாக வேண்டும். நடந்து முடிந்த பிறகு இதைத்தான் நாங்களும் சொன்னோம் என்பது தராசில் ஏறாத கூடை.

பெருவெடிப்பு அந்தத் தராசில் லேசாக ஏறிவிடவில்லை. வானியலாளர் எட்வின் ஹபிள் 1929இல் வெளியிட்ட விரிவு வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள்தான் வந்தது. பூமியின் பாறைகளோ அதைவிடப் பழையவை! பிள்ளை தாயைவிட மூத்தது என்கிற நிலை. 1948இல் பிரெட் ஹொய்ல், ஹெர்மன் பொண்டி, தொமஸ் கோல்ட் மூவரும் போட்டிக்கு மாறா நிலைக் கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, விரிய விரிய இடைவெளியில் புதிய பருப்பொருள் உண்டாகிக்கொண்டே இருக்கும் என்பது அதன் சாரம். பெருவெடிப்பு என்ற பெயரே 1949இல் பிபிசி வானொலி உரையில் ஹொய்ல் எதிர்த்தரப்புக்கு வைத்ததுதான்.

பின்னால் தோற்றுப்போன இந்த மாறா நிலைக் கோட்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஏனென்றால் அது தைரியமாகக் கழுத்தைக் கொடுத்தது. எவ்வளவு தூரம் பார்த்தாலும், அதாவது எவ்வளவு பழைய காலத்தைப் பார்த்தாலும், பிரபஞ்சம் பொதுவில் ஒரே மாதிரி இருக்கும் என்று சொன்னது. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் குழுவினர் வானொலி மூலங்களை, அதாவது வானொலி அலைகளை வெளிவிடும் விண்பொருள்களை, எண்ணினார்கள். மங்கலான, தொலைவான மூலங்கள் அந்தக் கணக்குக்கு மிஞ்சி இருந்தன. இதற்கிடையில் 1952இல் வால்டர் பாடே தூர அளவைத் திருத்த, பெருவெடிப்பின் வயதுச் சிக்கலும் தளரத் தொடங்கியது.

முடிவான அடி வேறு இடத்திலிருந்து வந்தது. ஆரம்பத்தில் பிரபஞ்சம் கொதித்திருந்தால் அந்தச் சூட்டின் மிச்சம் இன்றும், தனிப்பூச்சியத்துக்கு (அதற்குக் கீழே குளிர முடியாத வெப்பநிலைக்கு) ஏறக்குறைய 5 கெல்வின் மேலே, எங்கும் பரவியிருக்க வேண்டும் என்று ரால்ப் அல்பரும் ரொபர்ட் ஹெர்மனும் 1948இலேயே எழுதியிருந்தார்கள். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1964இல் நியூ ஜேர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு அன்டனாவில் வந்த இரைச்சலைப் போக்க முடியாமல் தவித்தார்கள், உள்ளே இருந்த புறா எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள். இரைச்சல் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருந்தது. அதுதான் அந்த ஆதிச் சூட்டின் மிச்சம். இன்றைய துல்லியமான அளவு 2.725 கெல்வின். லெமெத்ர் 1966இல் கண் மூடுவதற்குச் சற்று முன் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

பிதுருதலாகலை மலையில் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தும் பள்ளத்து லயன் வீடுகளில் அலைவரிசை சரியாகப் பிடிக்காமல் பழைய ரீவி புள்ளி புள்ளியாக இரையுமே, அதில் ஒரு சிறு பங்கு அந்த ஆதிச் சூட்டின் மிச்சம்தான். இதைச் சொன்னதும் வகுப்பில் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

நம்மவர் என்பதும் தராசில் ஏறாது. கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்க, ஹொய்லின் மாணவர். விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசு பற்றிய அவருடைய ஆய்வு மதிப்புக்குரியது. ஆனால் 2012 கடைசியில் பொலனறுவையில் வீழ்ந்ததாகச் சொல்லப்பட்ட கல்லில் விண்வெளி உயிரின் தடயம் இருக்கிறது என்று அவர் குழு அறிவித்தபோது, அதில் காட்டப்பட்ட டயட்டம்கள் என்ற நுண்பாசிகள் பூமியின் நன்னீரில் வாழ்பவை, கல்லும் பூமிக் கல்லாக இருக்கலாம் என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். நம் நாட்டவர் என்பதற்காக அந்த மறுப்பை நாம் காதில் வாங்காமல் விட முடியாது.

பெருவெடிப்பின் பெயரில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவதும் சரியில்லை. முதல் சில நிமிடங்களில் அணுக்கருக்கள் உருவானதைச் சோதித்திருக்கிறோம், சாதாரணப் பருப்பொருளின் நிறையில் ஏறத்தாழ கால்வாசி ஈலியம் என்ற கணக்கு பொருந்துகிறது. சுமார் 1380 கோடி ஆண்டு என்ற வயதும் உறுதியாக நிற்கிறது. ஆனால் அந்தப் பூச்சியக் கணத்தில் என்ன நடந்தது, அதற்கு முன் என்ன என்பதற்குச் சோதித்துத் தேறிய கோட்பாடு இன்னும் யாரிடமும் இல்லை. பல பிரபஞ்சங்கள் இருக்கின்றன என்று எழுதுகிற பெரிய பெயர்களிடமும் அதே தராசைத்தான் நீட்ட வேண்டும்.

நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒற்றை வரியாக, மனப்பாடமாகப் போய்ச் சேருகிறது. ஆய்வுகூடம் ஒழுங்காக இல்லை, உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் பற்றாக்குறை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விடையை மட்டும் கொடுத்து, தோற்றவர்களின் கதையை மறைத்தால், அந்தப் பிள்ளை நாளைக்கு வட்ஸ்அப்பில் வருகிற வரியையும் இதே மாதிரித்தானே விழுங்கும்? இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. விரிவு வேகத்தை ஆதிக் கதிர்வீச்சிலிருந்து கணித்தால் ஒரு மெகாபார்செக் (ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்குச் செக்கனுக்கு 67 கிலோமீட்டர் அளவில் வருகிறது, விண்மீன்களை வைத்து அளந்தால் 73 அளவில் வருகிறது. இரண்டில் எங்கே பிழை, அல்லது கோட்பாட்டிலேயே ஓட்டையா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாறா நிலைக் கோட்பாடு தொடங்கி இந்த 67, 73 வரை எளிய தமிழில் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறேன். தோட்டத்து வாசிகசாலையோ டியூசன் வகுப்போ நடத்துகிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.