தண்ணிக்கும் ஏர் எடுக்கணும்ங்க

டீசல் தீந்து வண்டி நின்னுட்டா ஏர் எடுத்தாத்தான், அதாவது பைப்ல புகுந்த காத்தை வெளியேத்தினாத்தான் ஸ்டார்ட் ஆகும்னு நம்மூர்ல வேன் ஓட்டுற எல்லாருக்கும் தெரியும். நுரை போய் சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் பம்ப்பை அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. அதே ஆளுங்ககிட்ட எஞ்சினை ஆத்துற தண்ணி, அந்தக் கூலன்டுக்கும் ஏர் எடுக்கணும்னு சொல்லிப் பாருங்க, "ஊத்தினா தானா ரொம்பிடும்"பாங்க. ரொம்பாதுங்க. இங்க ஜெர்மனியிலயும் அப்படித்தான் நினைக்கிறாங்க, நான் காசு குடுத்து தெரிஞ்சுக்கிட்டது அது.

என்கிட்ட இருக்கிறது 1987 ஃபோக்ஸ்வேகன் டி3, 2.1 லிட்டர் பெட்ரோல். அந்தக் காலத்து டப்பா வேன், எஞ்சின் பின்னாடி, ரேடியேட்டர் முன்னாடி. நடுவுல ரெண்டு நீளமான பைப் வண்டிக்கு அடியிலயே ஓடுது, அதுபோக அந்தத் தண்ணியோட சூட்டுலயே வண்டிக்குள்ள சூடாக்குற ஹீட்டர் முன்னாடி ஒண்ணு, பின் சீட்டுக்கு அடியில இன்னொண்ணு. இத்தனையையும் சேத்து 16 லிட்டருக்கு மேல கூலன்ட் குடிக்கும். சாதாரண கார்ல அஞ்சாறு லிட்டர்தான் வரும். இவ்வளவு தூரம் வளைஞ்சு நெளிஞ்சு போற பைப்ல காத்து எங்க வேணா போய் உக்காந்துக்கும்.

போன வருஷம் ஒரு பட்டறையில பழைய ஹோஸ் எல்லாத்தையும் மாத்தினேன். நாலாவது நாள் கசல்ங்கிற ஊர் பக்கம் ஏ7 ரோட்டு ஏத்தத்துல போறப்போ டெம்பரேச்சர் மீட்டர்ல இருக்கிற சிவப்பு லைட் மினுக்க ஆரம்பிச்சுது, ஆனா ஊசி பாட்டுக்கு நடுவுலயே நிக்குது. ஹீட்டரை ஃபுல்லா திருப்பினா காலுக்கு ஜில்லுன்னு காத்து வருது. டேஷ்போர்டுக்குள்ள சொம்புல தண்ணி சாய்ச்ச மாதிரி களக் களக்னு சத்தம். ஓரங்கட்டிட்டேன். டோ பண்ணி அதே பட்டறைக்கு கொண்டு போனா, திறந்துகூட பாக்காம "ஹெட் காஸ்கெட் போயிடுச்சு, எஞ்சின் இறக்கணும்"னு, அதாவது எஞ்சினோட மேல்மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு போயிடுச்சுன்னு சொல்லி பல ஆயிரம் யூரோவுக்கு ஒரு எஸ்டிமேட் நீட்டினாங்க.

அன்னைக்கு ராத்திரி ஈரோட்டுல இருக்கிற அப்பாவுக்கு போன் பண்ணினேன். அவர் இருபது வருஷம் ஆம்னி வேன் ஓட்டினவர். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், "வடிச்சது எவ்வளவு, ஊத்துனது எவ்வளவு கண்ணு?" பில்லை எடுத்துப் பாத்தேன். பழசு மொத்தமும் வடிச்சு புதுசு ஊத்தினதா எழுதியிருக்கு, பக்கத்துல கூலன்ட் 10 லிட்டர். 16 போற இடத்துல 10. மீதி ஆறு லிட்டர் இடத்துல என்ன இருந்துச்சு? காத்துதான்.

அந்தக் காத்து என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன். வாட்டர் பம்ப் தண்ணியைத்தான் தள்ளும், காத்து சிக்கினா அதுக்குள்ள தண்ணியைத் தள்ளுற இம்பெல்லர் சக்கரம் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். ஓட்டம் நின்ன இடத்துல ஹெட்டுக்குள்ள இருக்கிற கொஞ்சத் தண்ணியும் கொதிச்சு ஆவியாகி இன்னும் பெரிய குமிழ் ஆயிடும். அலுமினிய ஹெட், சூட்டுல வளைஞ்சுடும். இதுல கொடுமை என்னன்னா சென்சாரை சுத்தி தண்ணி இல்லாம காத்து நின்னா அது சரியான சூட்டைக் காட்டாது, உள்ள எஞ்சின் வெந்துக்கிட்டு இருக்கும், ஊசி நல்ல பிள்ளையாட்டம் நடுவுல நிக்கும். ஊசியை மட்டும் நம்பாதீங்க. ஹீட்டர்ல ஜில் காத்து வந்தா அதைத்தான் முதல்ல நம்பணும்.

வண்டியை வீட்டுக்கே கொண்டு வந்து நானே ஏர் எடுத்தேன். எஞ்சின் நல்லா ஆறினப்புறம் முன் சக்கரம் ரெண்டையும் ரேம்ப்ல ஏத்தி மூக்கை ஒரு 40 சென்டிமீட்டர் தூக்கணும், அப்பதான் ரேடியேட்டரோட தலை மொத்த சிஸ்டத்துலயும் உசரமான இடமா வரும், காத்து மேலதானே ஏறும். ரெண்டு ஹீட்டரையும் ஃபுல் சூட்டுல வைக்கணும், இல்லேன்னா அதுக்குள்ள இருக்கிறது அங்கயே தங்கிடும். முன் கிரில்லைக் கழட்டினா ரேடியேட்டர் மேல ஒரு ஸ்க்ரூ தெரியும். வீட்டம்மா உள்ள உக்காந்து ஆக்ஸிலரேட்டரை 2000 ஆர்பிஎம்ல புடிச்சுக்கிட்டாங்க, நான் பின்னாடி எக்ஸ்பான்ஷன் டேங்க்ல ஊத்துறதும் முன்னாடி ஓடி ஸ்க்ரூவைப் பாக்குறதுமா இருந்தேன். லூஸ் பண்ணின உடனே உஸ்ஸ்னு ஒரு பெருமூச்சு, அரை நிமிஷத்துக்கு மேல வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் எச்சில் துப்புற மாதிரி விட்டு விட்டு, அப்புறம் பிங்க் கலர்ல நுரை, அதுக்கப்புறம்தான் ஊசி நூல் மாதிரி ஒரே சீரா கூலன்ட். அந்த நூல் வந்தப்புறம்தான் ஸ்க்ரூவை இறுக்கணும், நுரையில இறுக்கினா பாதி வேலைதான். அன்னைக்கு மட்டும் அஞ்சு லிட்டருக்கு மேல குடிச்சுது. ரெண்டு நாள் ஓட்டி ஆறவிட்டு திரும்பப் பாத்தப்போ நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி இருக்கிற ரிசர்வ் டேங்க்ல இன்னும் முக்கால் லிட்டர் இறங்கியிருந்துச்சு. ஒரே தடவையில முடியுற வேலை இல்லைங்க இது.

அப்ப ஹெட் காஸ்கெட்டே போகாதான்னு கேப்பீங்க. போகும், இந்த எஞ்சின்ல நிறையவே போகும். ஆனா அது வேற மாதிரி இருக்கும். எவ்வளவு ஏர் எடுத்தாலும் குமிழ் வந்துக்கிட்டே இருக்கும், காலையில ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலயே, சூடே ஏறாம, ஹோஸ் கல்லு மாதிரி விறைச்சுக்கும், வெளிய ஒழுகாமலே கூலன்ட் குறையும். எக்ஸ்பான்ஷன் டேங்க் வாய்ல வச்சுப் பாக்குற நீல மருந்து டெஸ்ட் ஒண்ணு இருக்கு, எஞ்சின் புகை கலந்திருந்தா அது மஞ்சளாயிடும். கால் மணி நேர வேலை. அதைக்கூட பண்ணாம எஞ்சினை இறக்கச் சொல்றது எனக்கு இன்னமும் ஆத்திரமா வருது. காசுக்காக மட்டும் இல்ல, 37 வருஷம் ஓடின எஞ்சினை தேவையில்லாம பிரிக்கிறது அதுக்குப் பண்ற துரோகம்.

நம்மூர்ல வேற ஒரு பழக்கம் இருக்கு. ஹீட் ஆகுதுன்னு போனா, எஞ்சின் சூடானப்புறம்தான் ரேடியேட்டருக்கு கூலன்ட் போக வழி திறக்குற வால்வு, அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிடுவாங்க, "நம்மூர் வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு. தயவுசெஞ்சு அதைக் கழட்ட விடாதீங்க. அது இல்லேன்னா எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், தேய்மானம் ஏறும், அடைச்சிருக்கிற காத்து அப்படியேதான் இருக்கும். என் வண்டியில அது 87 டிகிரிக்குத்தான் திறக்க ஆரம்பிக்கும். நிறைய வண்டிகள்ல அந்தத் தட்டுல ஒரு சின்ன ஓட்டையும் அதுல ஆடுற ஒரு குட்டி ஊசியும் இருக்கும், காத்து போறதுக்குன்னே வச்ச வழி அது. மாட்டும்போது அது மேல் பக்கமா வரணும். தலைகீழா மாட்டி வச்சுட்டு ஏர் லாக்னு புலம்புறவங்களும் உண்டு.

சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க, உள்ள பிரஷர்ல நூறு டிகிரிக்கு மேல கொதிக்காம நின்னுக்கிட்டிருக்கும், திறந்தா மூஞ்சியில அடிக்கும். வடிச்ச கூலன்டை தரையில விடாதீங்க, அது இனிக்கும், நாய் நக்கினா செத்துடும், குழந்தைங்க கையிலயும் படக்கூடாது.

இப்ப வண்டி எட்டு மாசமா ஓடுது. போன வாரம் அதே கசல் ஏத்தத்துல ஹீட்டரைப் போட்டுப் பாத்தேன், கால் பொசுங்குற அளவுக்கு சூடு. அப்பாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன், "ஹோஸ் கிளிப்பு எல்லாம் ஒருக்கா இறுக்கிப் பாத்தியா?"ன்னார். பாக்கலை. இந்த சனிக்கிழமை அதான் வேலை, பக்கத்துல யாராச்சும் பழைய வேன் வச்சிருந்தா கொண்டு வாங்க, ரேம்ப் ரெண்டும் வெளியிலதான் கிடக்கும்.