போட் டாய்லெட் அடைச்சா பையனைத் திட்டாதீங்க, ரப்பரை மாத்துங்க

மும்பையில கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிர்ல கட்டிக் கிடக்கிற சின்னப் படகுகள்ல திரும்பத் திரும்ப இதே கூத்துதான். கேபின் கதவைத் திறந்தா அழுகின முட்டை நாத்தம். ஓனர் முதல்ல பாயறது படகுல வேலை பாக்கிற பையன் மேல. "ஒழுங்காக் கழுவ மாட்டியாடா?" தாராவியிலேர்ந்தும் ஆன்டாப் ஹில்லேர்ந்தும் விடியறதுக்குள்ள கிளம்பி வர்ற நம்ம பையன் பதில் பேசாம ஒரு பாட்டில் ஃபினைலைக் கொட்டுறான். ஒரு மணி நேரத்துல மறுபடி நாறுது, மறுபடி திட்டு. பாக்கப் பாக்க வயிறு எரியுது.

அந்த நாத்தம் மலத்தோட நாத்தமே இல்ல சார். போட் டாய்லெட்டுல கைப்பம்ப் அடிச்சா, கடல் தண்ணி ஒரு ஹோஸ் வழியா உள்ள வரும், அழுக்கு இன்னொரு ஹோஸ் வழியா வெளிய போகும். தண்ணியை உள்ள இழுக்கிற 19 மி.மீ. ஹோஸ்ல நாள்கணக்கா கடல் தண்ணி தேங்கி நிக்குது. அதுல இருக்கிற நுண்ணுயிரெல்லாம் செத்து அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்புது. முதல் தடவை பம்ப் அடிக்கும்போது மட்டும் குப்புனு அடிச்சு, அப்புறம் குறைஞ்சா சந்தேகமே வேணாம், இதுதான். மேலேர்ந்து கிண்ணத்துல எத்தனை வாளி ஊத்தினாலும் அந்த ஹோஸுக்குள்ள ஒரு சொட்டு போகாது. உள்வழி சீகாக்கை, அதாவது படகு உடம்புல ஹோஸுக்குக் கடல் தண்ணியைத் திறந்து மூடுற வால்வை, மூடிட்டு, ஹோஸ் முனையைக் கழட்டி ஒரு வாளி நல்ல தண்ணியில முக்கி, வாளி காலியாகிற வரைக்கும் பம்ப் அடிச்சுட்டு இறங்கணும். அதுக்கப்புறமும் நாறினா வெளிவழி ஹோஸைப் பாருங்க. வெந்நீர்ல நனைச்ச துணியை அது மேல சுத்தி வச்சு, ஆறினதும் எடுத்து மோந்து பாருங்க. துணி நாறினா ஹோஸ் சுவர் வழியாவே கசியுதுனு அர்த்தம், ஹோஸையே மாத்தணும். எந்த ஃபினைலும் அதைக் காப்பாத்தாது.

அடுத்தது அடைப்பு. வாடகைக்கு ஏறுற விருந்தாளிக்கு ஷாம்பெயின் எங்க வச்சிருக்குனு சொல்றீங்க, லைஃப் ஜாக்கெட் எங்கனு சொல்றீங்க, டாய்லெட்டுல என்ன போடக் கூடாதுனு சொல்ல மட்டும் வாய் வரமாட்டேங்குது! வெட் வைப்ஸ் தண்ணியில கரையாது, அதுல பிளாஸ்டிக் நார் இருக்கு. பம்ப் அடியில இருக்கிற மடிப்பு வால்வுல அது சுத்திக்கிச்சுன்னா வால்வு மூடாது. அப்புறம் எவ்வளவு அடிச்சாலும் கிண்ணம் வடியாது. நாப்கின், சிகரெட் துண்டு, தலைமுடி எல்லாம் இதே கதைதான். டிஷ்யூ பேப்பரைக்கூட மூடி போட்ட டப்பாவுல போடச் சொல்றதுதான் நல்லது. கதவுல ஒரு தாள் ஒட்டுறதுக்கு என்ன செலவு?

பம்ப் அடிக்கவும் யாரும் சொல்லித் தர்றதில்ல. கிண்ணம் சுத்தமாயிடுச்சுன்னா வேலை முடிஞ்சுதுனு நினைக்கிறாங்க. கிண்ணத்தை விட்டுப் போனது அப்ப ஹோஸுக்குள்ளதான் நிக்குது. சின்ன கைப்பம்புக்கு, வெளிவழி ஹோஸ் ஒரு மீட்டர் நீளம் இருந்தா ஏழு தடவை முழுசா இழுத்து அமுக்கணும். வளைவையும் சேர்த்து மூணு மீட்டர் ஹோஸ்னா இருபத்தொண்ணு. பாதி இழுப்பெல்லாம் கணக்குல வராது. நாலு தடவை அடிச்சுட்டுப் போறவங்க விட்டுட்டுப் போறதுதான் ஹோஸுக்குள்ள படியுது. சிறுநீரும் கடல் தண்ணியும் சேர்ந்தா சுண்ணாம்பு மாதிரி உப்பு கட்டும். 38 மி.மீ. ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமா குறுகி, கைப்பிடி கல்லு மாதிரி இறுகும்.

இந்த உப்பு முதல்ல போய்ப் பிடிக்கிற இடம் ஜோக்கர் வால்வு. என் கோபத்துல பாதி இந்த ரப்பர் துண்டு மேலதான். பம்ப் வெளிவழியில 'முழங்கை'னு சொல்ற வளைஞ்ச குழாய்த் துண்டுக்குள்ள உக்காந்திருக்கிற உள்ளங்கை அளவு சாமான், நடுவுல வெட்டு விட்ட உதடு. வெளிய போறதுக்குத் திறக்கும், திரும்பி வராம மூடும். உதட்டுல உப்பு கட்டினா, இல்ல ரப்பர் தொய்ஞ்சா, மூடாது. ராத்திரி சுத்தமா விட்ட கிண்ணத்துல காலையில பழுப்புத் தண்ணி நிக்குதா? ஜோக்கர் வால்வு போயிடுச்சு. ஆறு மாசம், அதிகம் போனா ஒரு வருஷம், மாத்தியே ஆகணும். அதை மாத்தாம, யாராவது ஒருத்தர் வந்து "முழு பம்பையே மாத்தணும்"னு சொல்ல, ஓனர் தலையாட்ட, ஒரு ரப்பர் துண்டுக்குப் பதிலா ஒரு முழு பம்ப் காசு போகுது. இல்லைன்னா ரெண்டும் பண்ணாம பையனை வெறுங்கையோட உள்ள கை விட்டுக் கிண்டச் சொல்றாங்க. இதைச் சொல்ல மனசு எப்படி வருது?

வேலை பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டு சீகாக்கையும் மூடு. மூடியிருக்குனு ஒரு துணியைக் கட்டி வை, வேற யாரும் பம்ப் அடிச்சுடக் கூடாது, அடிச்சா ஹோஸ் பிச்சுக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கோ. அடியில பழைய துணியும் ஒரு தட்டும் வச்சுட்டு முழங்கை ஸ்க்ரூவைக் கழட்டு, ஹோஸ்ல நிக்கிறது கொஞ்சம் வடியும். பழைய ரப்பரை உருவு. அது உக்காந்திருந்த விளிம்புல ஒட்டின உப்பைச் சுரண்டி எடு, அங்க ஒரு பொடி இருந்தாலும் புது ரப்பர் கசியும். உதடு தண்ணி வெளிய போற பக்கம் பாக்கணும், திருப்பிப் போட்டா ஒண்ணும் நகராது. ஸ்க்ரூ பிளாஸ்டிக்குக்குள்ள இறங்குது, அதனால முதல்ல இடப்பக்கம் மெல்லச் சுத்தி, பழைய மரை 'டக்'குனு உக்காந்தப்புறம் வலப்பக்கம் முடுக்கு. பலத்தைக் காட்டினா மரை போயிடும். அப்புறம் திறந்து, அடிச்சு, கசிவு பாரு.

சாமான் வாங்குறதுல ஒரு எச்சரிக்கை. நாக்தேவி தெருவுல ஓ ரிங்ங்கிற ரப்பர் வளையம், ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப், ஹோஸ் எல்லாம் கிடைக்கும். ஜோக்கர் வால்வை மட்டும் கம்பெனி கிட்டுலயே வாங்குங்க, அளவு ஒரு நூல் பிசகினாலும் உக்காராது. ஜாப்ஸ்கோ கம்பெனி டாய்லெட்டுல கைப்பிடியைத் திருகிப் பூட்டுற மாடலுக்கும் பழைய மாடலுக்கும் கிட் வேற வேற. கிளாம்ப் வாங்கும்போது காந்தத்தை அதோட ஸ்க்ரூ மேல வைங்க. சிலதுல பட்டை துருப்பிடிக்காததா இருக்கும், ஸ்க்ரூ மட்டும் சாதா இரும்பா இருக்கும். 'பட்'டுனு ஒட்டினா அந்த இடத்துலயே திருப்பிக் குடுங்க. கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கிற ஹோஸ் முனைக்கு ரெண்டு கிளாம்ப்.

உப்பு இறுகாம இருக்க வெள்ளை வினிகர் போதும். வாரம் ஒரு தடவை ஒரு லிட்டர் ஊத்தி, ஹோஸுக்குள்ள போற அளவு மட்டும் மெல்ல அடிச்சுட்டு ராத்திரி விட்டுடணும். ரொம்ப இறுகிட்டா ஹோஸைக் கழட்டித் தரையில அடிச்சா தகடு தகடா உதிரும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் சேர்த்துக் கொட்டுறவங்களைப் பாத்தா கை நடுங்குது. குளோரின் வாயு கிளம்பும்! கதவு மூடின சின்ன அறைக்குள்ள அந்தப் பையன்தான் குனிஞ்சு நிக்கிறான்.

இன்னொண்ணு, இது நாத்தத்தை விடப் பெரிய விஷயம். கிண்ண விளிம்பு கடல் மட்டத்துக்குக் கீழ இருந்தா, உள்வழியில பம்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல இருக்கிற ஹோஸ், வெளிவழி ஹோஸ் ரெண்டும் மேல ஏறி வளையணும், உச்சியில காத்து வால்வு இருக்கணும். படகு எவ்வளவு சாய்ஞ்சாலும் அந்த உச்சி தண்ணிக்கு மேல நிக்கணும். அது இல்லாம, பம்புல இருக்கிற நெம்புகோலை ஃப்ளஷ்லயே விட்டு, சீகாக்கையும் திறந்து போட்டுட்டுப் போனா, கடல் தானா உள்ள வரும், படகு கட்டின இடத்துலயே மூழ்கும். வளைவு வச்சிருந்தாலும் அந்தக் காத்து வால்வுல உப்பு அடைச்சா வளைவு இருந்தும் இல்லாத மாதிரிதான். கழட்டி வெந்நீர்ல அலசிப் போடுங்க.

ஜூன்ல படகைக் கரையேத்துவீங்கல்ல? பாலிஷுக்கும் பெயின்ட்டுக்கும் பட்ஜெட் போடும்போதே ஒரு சர்வீஸ் கிட், நாலு கிளாம்ப், சிலிக்கான் கிரீஸ், முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கையுறை ரெண்டு ஜோடி, அந்தப் பட்டியல்லயே எழுதுங்க. சீகாக் ரெண்டையும் அப்பவே பிரிச்சு, உள்ள ஒட்டின சிப்பியைச் சுரண்டிடுங்க. இதைச் செய்யாத ஓனர் அந்தப் பையன்கிட்ட குரலை உயர்த்தக் கூடாது.