எழுதியவர் மட்டுமா, நடித்தவரும்தான்

தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அவரை நாடகாசிரியராக மட்டும் சொல்லி முடித்துவிட்டது. எமனாகவும் இரணியனாகவும் மேடையில் நின்றவர் அவர். சனீஸ்வரன் வேடத்தில் அவரைப் பார்த்து ஊரே நடுங்கியது என்பார்கள். எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்று நடித்துத் தெரிந்துகொண்டவர் எழுதியதால்தான் அந்த வசனம் நாக்கில் அப்படி உட்காருகிறது.

மதுரை மேலூர்ப் பக்கம் திருவிழாவில் விடிய விடிய அவர் எழுதிய 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்தேன். நடிகர்கள் ஆளுக்கொரு ஊர், ஒத்திகையே கிடையாது. வள்ளியும் முருகனும் தர்க்கத்தில் ஒருவரையொருவர் மடக்கியபோது ஆர்மோனியக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சில இடங்களில் பாட்டு நீண்டு கதையை நிறுத்திவைக்கிறது, அது உண்மைதான். அப்புறம், 1918இல் இதே மதுரையில் சுவாமிகள் பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிப் பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தாரே, அதையும் எழுதியிருக்க வேண்டும்.